பெயர்ப்பலகையும் சாவிக்கொத்தும்

(நாடகப் பயிற்சிப் பட்டறை ஒன்றில் மாணவர்கள், களப்பணித் தோழர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'கறுப்பர் அரங்கு'. பெரிய தலைப்பு. ஒரு மணி நேரத்துல இருநூறு வருச வரலாறு சொல்றேன்னு உட்கார்ந்தா நீங்க தூங்கிடுவீங்க, நானும் அள்ளிவிட ஆரம்பிச்சிடுவேன். அதனால் நான்கே நான்கு நாட்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2022 டிசம்பர் 8, வியாழக்கிழமையிலிருந்து 11, ஞாயிற்றுக்கிழமை வரை. இடம் நியூயார்க் நகரத்தின் பிராட்வே. நம்ம சென்னை பிராட்வே பஸ் ஸ்டாண்டு இல்லை. அங்கே நாடகம் என்றால் உலகம் திரும்பிப் பார்க்கிற வட்டாரம். அந்த ஒரு வார இறுதியில் என்ன திறந்தது, எது முன்னோட்டத்தில் இருந்தது, எதை மூடினார்கள் என்று பார்ப்போம். ஒரு சமூகத்தின் கலைக்குள் பணம் எப்படி வேலை செய்கிறது என்று அந்த நாலு நாளே காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் அந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று தெரியணும். பிராட்வே அரங்குகள் மொத்தம் 41. 500 இருக்கைக்கு மேல் இருந்தால்தான் அந்தப் பெயர். 2022இல் இந்த 41இல் ஷூபர்ட் நிறுவனத்திடம் 17, நெடர்லாண்டரிடம் 9, ஜுஜாம்சின்னிடம் 5 இருந்தன. மூன்று வீட்டுக்காரர்கள் கையில் 31 வீடு. நாடகம் போடுகிற தயாரிப்பாளர் யாராக இருந்தாலும் அவர் குடித்தனக்காரர்தான். முதலில் சில வாரம் முன்னோட்டக் காட்சிகள். ஒத்திகை மாதிரிதான், ஆனால் டிக்கெட் உண்டு. ராத்திரி ஆடுவார்கள், பகலில் வசனத்தை வெட்டுவார்கள், ஒட்டுவார்கள். அப்புறம் ஒரு நாள் 'திறப்பு'. அன்றோடு பிரதி உறைந்துவிடும், பத்திரிகைகளின் விமர்சனம் வெளியாகும். அதற்குப் பிறகு வாரத்துக்கு எட்டுக் காட்சி. வாராவாரம் எந்த நாடகம் எவ்வளவு வசூல் என்று பட்டியல் போட்டு ஊருக்கே சொல்லிவிடுவார்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கும். தொடர்ந்து இரண்டு வாரம் வசூல் இன்ன தொகைக்குக் கீழே போனால், வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லலாம். நாடகம் நல்லாயிருக்கா இல்லையா என்பது அந்த ஷரத்தில் கிடையாது.

இப்போ வியாழக்கிழமை. டிசம்பர் 8 அன்று 'ஒஹாயோ ஸ்டேட் மர்டர்ஸ்' என்ற நாடகம் திறந்தது. எழுதியவர் ஏட்ரியன் கென்னடி. அவருக்கு அப்போது வயது 91. 1964இலிருந்து எழுதிவருகிறார், பல்கலைக்கழகங்களில் அவர் நாடகங்களைப் பாடமாக வைக்கிறார்கள், ஆனால் பிராட்வேயில் அவருடைய பிரதி ஏறியது அதுதான் முதல் தடவை. இந்த நாடகமே 1992இல் கிளீவ்லாண்டில் முதலில் நிகழ்த்தப்பட்டது. முப்பது வருசம் நடந்து நியூயார்க் வந்திருக்கிறது.

நாடகத்தின் வடிவத்தைக் கவனியுங்கள், நமக்கு உபயோகப்படும். சுசான் அலெக்சாண்டர் என்ற கறுப்பின எழுத்தாளர், தான் படித்த ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு உரையாற்ற வருகிறார். அவருடைய எழுத்தில் ஏன் இவ்வளவு வன்முறைப் படிமங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு அவர் பதில் சொல்கிறார். மொத்த நாடகமும் ஒரு பேச்சு. 1949இல் மாணவியாகச் சேர்ந்தபோது ஆங்கில இலக்கியத்தை முதன்மைப் பாடமாக எடுக்க அவரை விடவில்லை. கறுப்பர்களுக்கு அது வராது என்று ஒரு நினைப்பு. ஹார்டியின் நாவலைச் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரப் பேராசிரியரோடு உறவு ஏற்படுகிறது, இரட்டைப் பெண்குழந்தைகள் பிறக்கின்றன, அந்தக் குழந்தைகள் கொல்லப்படுகின்றன. கொன்றது தகப்பன். பல்கலைக்கழகம் தன் பெயர் கெடாமல் இருக்க எல்லாத்தையும் மூடி மறைக்கிறது. கத்தல் இல்லை, ரத்தம் இல்லை. ஒரு பெண் நிதானமாக நின்று சொல்கிறாள். கென்னடியே அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாம நாடகம்னாலே பறையடிச்சு, குரலை உசத்தி, கூட்டத்தைக் கிளப்புறதுன்னு ஒரு பழக்கம் வச்சிருக்கோம். அது வேணும்தான். ஆனா அடங்கின குரல்ல சொன்னாலும் அது கலகம்தான்கிறதுக்கு இந்தப் பிரதி சாட்சி.

ஆட்ரா மெக்டொனால்டு நடித்தார். ஆறு டோனி விருது வாங்கிய நடிகை. அவர் இருந்தும், பிப்ரவரி 12 வரை ஓட்டத் திட்டமிட்டிருந்த நாடகத்தை ஜனவரி 15இலேயே முடித்துக்கொண்டார்கள்.

அந்த அரங்கின் பெயர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் அரங்கு. இதைக் கொஞ்சம் நின்று பார்க்கணும். 1912இல் கட்டியதிலிருந்து அது கோர்ட் தியேட்டர். கட்டிய முதலாளி பெயர். 2022 செப்டம்பர் 12 அன்று கறுப்பின நடிகர் ஜோன்ஸின் பெயரை வைத்தார்கள். அவர் பிராட்வேயில் காலடி வைத்ததே 1958இல் அந்த மேடையில்தான். அவரும் கென்னடியும் ஒரே வருசம், 1931இல் பிறந்தவர்கள். அந்தப் பெயர் தாங்கிய அரங்கில் முதலில் ஏறிய நாடகம் கென்னடியுடையது. சந்தோசமான சேதி, மறுக்கவில்லை. ஜோன்ஸ் 2024இல் மறைந்தார். உயிரோடு இருக்கும்போதே அதைப் பார்த்துவிட்டார்.

ஆனால் பெயர் எப்படி வந்தது? 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்டை மின்னியாபொலிஸில் போலீஸ்காரன் கழுத்தில் முட்டிபோட்டுக் கொன்ற பிறகு, கறுப்பினக் கலைஞர்கள் அரங்க முதலாளிகளைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். பேச்சுவார்த்தை நடந்து 2021 ஆகஸ்டில் ஓர் உடன்பாடு. அதில் பல விசயங்கள், அவற்றில் ஒன்று: மூன்று பெரிய நிறுவனங்களும் ஆளுக்கு ஓர் அரங்குக்காவது கறுப்பினக் கலைஞர் பெயரை வைக்க வேண்டும். ஜுஜாம்சின்னிடம் ஏற்கெனவே ஆகஸ்ட் வில்சன் அரங்கு இருந்தது, 2005இலிருந்து. ஷூபர்ட் ஜோன்ஸ் பெயரை வைத்தது. நெடர்லாண்டர் 2022 நவம்பர் 1 அன்று பாடகி லீனா ஹார்ன் பெயரை வைத்தது. ஆக, 41க்கு மூணு. போராடி வாங்கிய மூணு, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசில்லை. ஆனால் அரங்கின் பத்திரம் எவர் பெயரில் இருந்ததோ அவர் பெயரிலேயேதான் இருக்கிறது. பெயர்ப்பலகை மாறியது, சாவிக்கொத்து மாறவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு வருவோம். டிசம்பர் 9. பெலாஸ்கோ அரங்கில் ஓடிக்கொண்டிருந்த 'எய்ண்ட் நோ மோ' நாடகம் 18ஆம் தேதியோடு மூடப்படும் என்று அறிவிப்பு. அது திறந்தது டிசம்பர் 1. அதாவது திறந்த எட்டாம் நாள் மூடல் நோட்டீஸ்! விமர்சனங்கள் மோசமா? இல்லை, பெரும்பாலும் பாராட்டித்தான் எழுதியிருந்தார்கள். எழுதியவர் ஜோர்டன் கூப்பர், அப்போது 27 வயது. நாடகத்தில் நடித்தவரும் அவரே.

கதையைச் சொன்னால் நீங்களே சிரிப்பீங்க. அமெரிக்க அரசாங்கம் ஒரு திட்டம் அறிவிக்கிறது: கறுப்பர்கள் எல்லோருக்கும் ஆப்பிரிக்காவுக்கு ஒருவழிப் பயணச் சீட்டு இலவசம். போகவர இல்லை, போக மட்டும். விமான நிலையத்தில் கடைசி விமானம் நிற்கிறது. அதன் எண் 1619. வர்ஜீனியாவில் ஆப்பிரிக்க அடிமைகளை முதலில் இறக்கிய வருசம் அது. வாசலில் சீட்டுச் சரிபார்க்கும் பெண்ணின் பெயர் பீச்சஸ். கூப்பரே பெண்வேடம் கட்டி அதை ஆடினார். நம்ம கூத்துல ஸ்திரீபார்ட் பார்த்தவங்களுக்கு அந்த நையாண்டியோட வலிமையைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. முதல் காட்சி ஒரு சாவு வீடு: 2008 நவம்பர் 4, ஒபாமா ஜெயித்த இரவு. செத்துப்போனது யாரென்றால், கறுப்பர்களின் 'குறை சொல்லும் உரிமை'. இனிமேல் புகார் சொல்ல என்ன இருக்கு, அதான் நம்ம ஆள் வந்துட்டாரேன்னு ஒப்பாரியும் கும்மாளமுமாக அடக்கம் பண்ணுகிறார்கள். பிறகு ஒரு பெரிய பை. அதற்குள் அந்த மக்களின் வரலாறு, பாட்டு, பண்பாடு எல்லாம். விமானம் கிளம்பப் போகிறது, பீச்சஸ் அந்தப் பையைத் தூக்கப் பார்க்கிறாள், அது அசையமாட்டேன் என்கிறது.

இந்த நாடகத்தைத்தான் மூடு என்றார்கள். கூப்பர் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதினார். அதில் அவர் 'மூடல் நோட்டீஸ்' என்று சொல்லவில்லை, வீட்டைக் காலி பண்ணச் சொல்கிற நோட்டீஸ் என்றார். வீட்டுக்காரன், குடித்தனக்காரன் என்று நான் சொன்னது உவமை இல்லை என்று இப்போ புரியும். உடனே ஒரு இயக்கமே கிளம்பியது. வில் ஸ்மித், ஜேடா பிங்கெட் ஸ்மித் தம்பதி ஒரு காட்சியின் டிக்கெட் முழுவதையும் வாங்கினார்கள். வேறு சில பிரபலங்களும் அப்படிச் செய்தார்கள். எதற்கு? ஐந்து நாளுக்கு. 18ஆம் தேதி முடிய வேண்டியது 23ஆம் தேதி முடிந்தது. அடுத்த ஆண்டு டோனி விருதுக்கு, சிறந்த நாடகம் உள்பட ஆறு பரிந்துரை வந்தது. அப்போது நாடகம் இல்லை. பரிந்துரையைப் பார்த்துட்டு டிக்கெட் வாங்கப் போனவன் அங்கே எதைப் பார்ப்பான்?

இப்படி ஒன்று மூடப்படும்போது ஒரு பேச்சு வரும். "கறுப்பர்கள் நாடகம் பார்க்க வரமாட்டாங்க, அவங்க கதைக்கு மார்க்கெட் இல்லை." இது அந்த வாரமே பொய். அதே நேரத்தில் பேரிமோர் அரங்கில் ஆகஸ்ட் வில்சனின் 'பியானோ லெசன்' ஓடிக்கொண்டிருந்தது. மூதாதையர் முகங்களைச் செதுக்கிய ஒரு பியானோ. தம்பி அதை விற்று, தன் பாட்டன்மார் அடிமையாக உழுத அதே நிலத்தை வாங்க நினைக்கிறான். அக்கா விற்க விடமாட்டாள். அந்த நாடகம் போட்ட பணத்தை எடுத்தது, வில்சன் நாடகங்களிலேயே பிராட்வேயில் அதிகம் வசூலித்ததும் அந்தத் தயாரிப்புதான். நடித்தவர் சாமுவேல் ஜாக்சன். அப்போ சினிமா நட்சத்திரம் இருந்தால் கூட்டம் வருகிறது. புதுப் பிரதி, புது எழுத்தாளன், தெரியாத முகம் என்றால் வாய்வார்த்தை பரவ நாள் வேணும். திருச்சபைக்காரங்க ஒரு பஸ் பிடிச்சு வரணும், கல்லூரிப் பிள்ளைங்க காசு சேர்த்துக்கிட்டு வரணும். எட்டு நாளில் அது நடக்காது. அந்த அவகாசம் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதில்தான் அரசியல் இருக்கிறது. அந்த 2022-23 பருவத்தில் பிராட்வே டிக்கெட்டின் சராசரி விலை ஏறத்தாழ 128 டாலர். குடும்பத்தோடு நாலு பேர் போனால் 500 டாலரைத் தாண்டும்.

சனிக்கிழமை பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு நாடகங்கள் முன்னோட்டத்தில் இருந்தன, அவற்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். ஒன்று 'தி கொலாபரேஷன்': கறுப்பின ஓவியர் பாஸ்கியாவும் ஆண்டி வார்ஹோலும் சேர்ந்து வரைந்த கதை, எழுதியவர் நியூசிலாந்துக்காரரான வெள்ளையர். மற்றது ஸ்டீஃபன் அட்லி குர்கிஸின் 'பிட்வீன் ரிவர்சைடு அண்டு கிரேசி'. ஓய்வுபெற்ற கறுப்பினப் போலீஸ்காரர் ஒருவரை முன்பு வெள்ளைக்காரப் போலீஸ்காரன் சுட்டிருக்கிறான்; வழக்கை விடச் சொல்லி மிரட்டுகிறார்கள், வாடகை வீட்டைவிட்டு வெளியேற்றப் பார்க்கிறார்கள், கிழவர் நகரமாட்டேன் என்கிறார். 2015இல் புலிட்சர் பரிசு பெற்ற நாடகம். மேடைமேல் காலி பண்ணச் சொல்வது கதை, பக்கத்துத் தெருவில் அதுவே நடப்பு.

ஞாயிறு, டிசம்பர் 11. ஷூபர்ட் அரங்கில் 'சம் லைக் இட் ஹாட்' என்ற பெரிய இசைநாடகம் திறந்தது. 1959இல் வந்த பழைய சினிமாவைத் திருப்பி எழுதியது. அதில் முன்னணி வேடத்தில் ஜே. ஹாரிசன் கீ, ஆண் பெண் என்ற இரண்டுக்குள் தன்னை அடைக்காத கறுப்பினக் கலைஞர், 2023இல் டோனி விருதும் பெற்றார். அதே ஞாயிற்றுக்கிழமை இன்னோர் அரங்கில் 'கே-பாப்' மூடப்பட்டது. கொரியப் பாட்டுக்குழுக்களைப் பற்றிய இசைநாடகம். பிராட்வேயில் இசையமைத்த முதல் ஆசியப் பெண் ஹெலன் பார்க்கின் நாடகம். முன்னோட்டக் காட்சி 44, திறந்த பிறகு ஆடியது 17. கணக்கைப் பாருங்க, கல்யாண ஏற்பாட்டுக்கு ஆன நாளைவிடக் குடித்தனம் நடந்த நாள் கம்மி. பெரிய பத்திரிகை ஒன்றின் விமர்சனத்தில் இனப்பார்வைக் கோளாறு இருக்கிறது என்று தயாரிப்பாளர்கள் சண்டைக்குப் போனார்கள். நியாயம்தான். ஆனாலும் அந்த நாடகம் விழுந்ததற்கு அந்த விமர்சகர் ஒருவரே காரணம் என்று நான் நம்பவில்லை. முதலில் சொன்ன ஷரத்தை நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் 2022இல் புதிதாக வந்த நோய் இல்லை. 1959 மார்ச் 11 அன்று லொரெயின் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் தி சன்', பியானோ லெசன் ஓடிய அதே பேரிமோர் அரங்கில் திறந்தது. பிராட்வேயில் ஒரு கறுப்பினப் பெண்ணின் நாடகம் ஏறியது அன்றுதான். 530 காட்சி ஓடியது. அவருடைய இரண்டாவது நாடகம் 'தி சைன் இன் சிட்னி புருஸ்டீன்ஸ் விண்டோ' 1964 அக்டோபரில் திறந்தது. பாத்திரங்கள் பெரும்பாலும் வெள்ளையர். கறுப்பர் வீட்டுக் கதையை எதிர்பார்த்தவர்களுக்கு இது பிடிபடவில்லை. வசூல் இல்லை. கலைஞர்கள், நண்பர்கள் பணம் திரட்டி, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, ஒவ்வொரு வாரமாக இழுத்துப் பிடித்தார்கள். 101 காட்சி. ஹான்ஸ்பெரி புற்றுநோயால் 1965 ஜனவரி 12 அன்று இறந்தார், வயது 34. நாடகமும் அதோடு நின்றது. 1964இல் சக கலைஞர்கள் செய்ததைத்தான் 2022இல் சினிமா நட்சத்திரங்கள் செய்தார்கள். ஐம்பத்தெட்டு வருசத்தில் சந்தா திரட்டுகிறவர்களின் வசதி உயர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த நாடகம் 2023 ஏப்ரல் 27 அன்று மறுபடி பிராட்வேயில் திறந்தது. எந்த அரங்கில்? ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் அரங்கில்.

மூடப்பட்டதைப் பற்றிப் பேசினேன். திறக்கவே விடாதது ஒன்று இருக்கிறது. ஆலிஸ் சில்ட்ரெஸ் எழுதிய 'டிரபிள் இன் மைண்ட்'. 1955இல் நியூயார்க்கின் சின்ன அரங்கு ஒன்றில் நடந்தது. கதையே ஒத்திகைக் கூடத்தில்தான். வில்லெட்டா மேயர் என்ற கறுப்பின நடிகை. ஆயுசு முழுக்க வேலைக்காரி வேசம், ஆயா வேசம். இப்போ கறுப்பரை மரத்தில் தொங்கவிடும் கொடுமைக்கு எதிரான 'முற்போக்கு' நாடகத்தில் தாய் வேடம் கிடைக்கிறது. எழுதியவரும் வெள்ளையர், இயக்குநரும் வெள்ளையர். பிரதியில் அந்தத் தாய், கும்பல் தேடிவரும் தன் மகனைச் சரணடையச் சொல்லி அனுப்பிவைக்கிறாள். வில்லெட்டா கேட்கிறாள்: எந்தத் தாய் தன் பிள்ளையைக் கொலைகாரனிடம் அனுப்புவாள்? இயக்குநர் முதலில் சமாதானம் சொல்கிறார், பிறகு நடிப்புப் பாடம் எடுக்கிறார், கடைசியில் உள்ளே இருந்த ஆள் வெளியே வந்துவிடுகிறார். நல்லெண்ணம் கொண்ட மேல்தட்டு ஆதரவாளனைப் பற்றி இதைவிடத் துல்லியமாக எழுதிய நாடகம் ஒன்றை நான் படித்ததில்லை.

இதைப் பிராட்வேக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். முடிவை மாற்று, கொஞ்சம் இதமாக்கு என்றார்கள். சில்ட்ரெஸ் திருத்தினார், மறுபடி திருத்தினார், ஒரு கட்டத்தில் முடியாது என்றார். 1957இல் அந்த வாய்ப்பு போனது. அது நடந்திருந்தால், ஹான்ஸ்பெரிக்கு முன் அந்த இடத்தில் சில்ட்ரெஸின் பெயர் இருந்திருக்கும். 1994இல் அவர் இறந்தார். 2021 நவம்பர் 18 அன்று 'டிரபிள் இன் மைண்ட்' பிராட்வேயில் திறந்தது.

அப்போ என்னதான் வழி என்று கேட்பீங்க. 1926இல் டபிள்யூ. ஈ. பி. துபாய்ஸ் இதற்கு ஒரு கணக்கு போட்டார். கறுப்பர் நாடகம் தங்களைப் பற்றியதாக, தாங்களே எழுதியதாக, தங்கள் மக்களை மகிழ்விப்பதாக இருக்கணும். நாலாவதாக, தங்கள் மக்கள் குடியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நடக்கணும். எழுதினதோடு விடவில்லை, ஹார்லெமில் 135ஆவது தெரு நூலகத்தின் நிலவறையில் குழு கட்டி நாடகம் போட்டார்கள். இதே துபாய்ஸுக்குத்தான் பாபாசாகேப் அம்பேத்கர் 1946இல் கடிதம் எழுதி, ஐ.நா.வுக்குக் கறுப்பர்கள் கொடுத்த மனுவின் பிரதி வேண்டுமென்று கேட்டார். அந்த நாலில் முதல் மூன்றைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். நம்ம ஆளே எழுதணும், நம்ம கதையா இருக்கணும், நம்ம சனத்துக்குன்னு. நாலாவதைப் பற்றிப் பேச்சே இல்லை. கூப்பருக்கு முதல் இரண்டும் இருந்தது, மூன்றாவதும் இருந்தது. பெலாஸ்கோ அரங்கு நாலாவது இல்லை. சென்னையில் நல்ல சபா கிடைக்கவில்லை என்று இங்கே காலையில் ஒரு தோழர் வருத்தப்பட்டார். கிடைத்தால் போடுங்க, வேணாம்னு சொல்லலை. வாடகை ஒப்பந்தத்தை முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்க. சேரிக்குள்ள ஒரு கொட்டகைக்கு என்ன செலவாகும்னும் அதே தாளோட பின்பக்கத்துல கணக்குப் போட்டுப் பாருங்க.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு வில்லெட்டா அந்தக் கேள்வியைக் கேட்கிற காட்சியை எடுத்துக்கொள்கிறோம். தமிழில் பெயர்த்த படி பத்துதான் இருக்கு, ரெண்டு பேருக்கு ஒண்ணுன்னு வச்சுக்குங்க. இயக்குநர் வேடத்தைப் பெண்களில் ஒருத்தர் படிச்சா நல்லது.